பெக்கி ஜெல்: வார்னிஷ் இல்லாத படத்துக்கு வாங்கலாமா?

காரைக்குடியில் படத்துக்குச் சட்டம் போடுவதும் பழைய படங்களைப் பழுது பார்ப்பதும் என் தொழில். தஞ்சாவூர்ப் படம், ரவிவர்மா அச்சுப்படம் என்றால் பழகிய வேலை. தண்ணீர் கலந்து தீட்டும் அக்ரிலிக் பெயிண்ட் படம் வந்தால்தான் யோசனை. பெரும்பாலும் மேலே வார்னிஷ் இருக்காது. நம் ஊர் வெயிலுக்குப் பெயிண்ட் இளகி, முற்றத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஈரப் பஞ்சால் தேய்த்தால் அழுக்கோடு நிறமும் வந்துவிடலாம்.

அதற்காகத்தான் தேய்க்காமல் அழுக்கெடுக்கும் நானோரெஸ்டோர் 'பெக்கி' ஜெல் தருவித்தேன். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சிஎஸ்ஜிஐ என்ற ஆய்வு மையத்தார் உருவாக்கியது. வெனிஸில் பெக்கி குகன்ஹைம் சேகரிப்பு என்ற அருங்காட்சியகத்திலுள்ள, அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக்கின் படத்தை இதை வைத்துத்தான் சுத்தம் செய்தார்கள். பாலிவினைல் ஆல்கஹால் என்ற, தண்ணீரில் கரையும் பிளாஸ்டிக்கின் கரைசலை உறையவிட்டு, இளகவிட்டுச் செய்கிற சரக்கு. கையில் எடுத்தால் இளநீர் வழுக்கைதான்; வளையும், பிய்யாது.

கானாடுகாத்தானில் ஒரு வீட்டு இரண்டாங்கட்டில் தொங்கிய பெரிய அக்ரிலிக். கத்தியால் அப்பிய பெயிண்ட், ஒரே மேடுபள்ளம். ஜெல்லைச் சின்னத் துண்டாக வெட்டி, மேல் ஈரத்தை டிஷ்யூவில் ஒற்றி எடுத்துவிட்டு, வெள்ளைப் பகுதியின் ஓரத்தில் வைத்தேன். காய்ந்துவிடாமல் மேலே மைலார் என்கிற பிளாஸ்டிக் தாள். சில நிமிஷம் கழித்து எடுத்தால், கத்தி இழுத்த கோடுகள் அத்தனையும் ஜெல்லின் அடியில் சாம்பல் அச்சாக வந்திருந்தன.

"தேய்க்கவே இல்லையேப்பா!" என்றார்கள் பக்கத்தில் நின்ற ஆச்சி.

அதுதான் இதன் பலம். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், பள்ளத்துக்குள்ளும் படியும், எடுத்தால் முழுசாக வரும்.

எல்லா நிறத்துக்கும் ஒத்துவரும் என்று நினைக்காதீர்கள். சிவப்பில் மூலையில் சோதித்தபோது ஜெல் லேசாக ரோஸ் ஆனது. அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டேன். விளக்குப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் வெறும் தண்ணீர் ஏற்றிய ஜெல்லுக்கு அசையவில்லை. மின்விசிறியை நிறுத்தாவிட்டால் ஓரம் காய்ந்து தூக்கும். ஈரத்திலேயே மூடி வைக்க வேண்டும். கூரியரும் வரியும் சேர்ந்தால் விலை கையைக் கடிக்கும்.

பரப்பு சமமாக இருந்தால் நான் அகார் என்கிற கடல்பாசி ஜெல்லோடு நிறுத்திக்கொள்வேன். ராமநாதபுரம் கடலோரப் பாசியிலிருந்து எடுப்பதுதானே, பக்கத்திலேயே கிடைக்கிறது. 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீருக்கு 3 கிராம் போட்டுக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவிட்டால் தகடு தயார். ஆனால் விறைப்பானது, பள்ளத்தைத் தொடாது. தடித்த பெயிண்ட் வேலை அடிக்கடி வருகிறவர்கள் மட்டும் பெக்கி வாங்குங்கள்.