ஓட்டு வீட்டுக் கைமரத்தில் ஷெட்டை மாட்ட விடாதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் ஓட்டு வீட்டு வாசலில் ஷெட் போட நினைப்பவர்கள், ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 95,000 ரூபாய் கொடுத்தேன். ஷெட்டும் போயிற்று, அப்பா கட்டிய கூரையின் முன்பக்கமும் போயிற்று.

எங்கள் வீடு தங்கச்சிமடத்தில், தெற்குப் பார்த்தது, மங்களூர் ஓடு. அம்மா வாசலில் உட்கார நிழல் வேண்டுமென்று 20க்கு 12 அடியில் கலர் ஷீட் போடச் சொன்னேன். வந்த வெல்டிங்காரர் அளந்து பார்த்துவிட்டு, "வீட்டுப் பக்கம் தூணே வேண்டாம்ணே, கைமரத்துலயே போல்ட் போட்டுப் புடிச்சுக்கலாம். உங்களுக்குப் பதினஞ்சாயிரம் மிச்சம்" என்றார். கைமரம் என்றால் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம். அவர் தொழில் தெரிந்தவர் என்று நம்பி, சரி என்றேன்.

பங்குனியில் வேலை முடிந்தது. தகட்டைக் கூரைக்குள் செருகுவதற்காக கூரையின் கீழ் விளிம்பான இறவாணத்தில் ஒரு வரிசை ஓட்டைக் கழற்றியிருந்தார். தகட்டுக்குச் சரிவும் போதவில்லை. சித்திரையில் பெய்த ஒரே மழைக்குத் தண்ணீர் பின்னால் ஏறிச் சுவர் வழியாக இறங்கியது. கூப்பிட்டதும் வந்தார், சிலிக்கானைப் பிதுக்கிப் பூசினார், மீதிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் பணத்தை நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

ஆடியில் கச்சான் காற்று எடுத்தது. மூன்று நாள் ஷெட் கிடுகிடுவென்று ஆடியது. நான்காம் நாள் ராத்திரி தகடு மேலே எழும்பி, ஐந்து கைமரத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு புரண்டது. அம்மாவின் கட்டிலுக்கு இரண்டடி தள்ளி ஓடுகள் விழுந்து நொறுங்கின. கட்டில் இன்னும் கொஞ்சம் முன்னால் கிடந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

காலையில் ஆசாரி வந்து ஒரு கைமரத்தைத் தூக்கிக் காட்டினார். மரத்தின் நுனியிலிருந்து இரண்டு விரற்கடையில் துளை போட்டிருந்தார்கள். அங்கிருந்து நார் நாராகப் பிளந்திருந்தது. "ஓட்டோட பாரம் கீழ அமுக்குறதாலதான் தம்பி இந்தக் கூரை நிக்குது. மேல இழுத்தா புடிச்சு நிக்க இதுல என்ன இருக்கு?" என்றார். மூன்று பக்கமும் திறந்த ஷெட்டுக்குள் காற்று புகுந்து சுவரில் முட்டினால், தகட்டை மேலேதான் தள்ளும். ஆகவே வீட்டுப் பக்கமும் தனித் தூண் வேண்டும், ஷெட் கூரையைத் தொடாமல் தனியாக நிற்க வேண்டும், ஒவ்வொரு தூணின் அடியும் குழியில் கான்கிரீட்டோடு இறங்க வேண்டும்.

விழுந்த பைப்பை எடைபோட்டபோது வயிறு எரிந்தது. 2 அங்குலச் சதுரப் பைப், 2 மி.மீ. கனம் என்று பேசியது. 20 அடி நீளத்துக்குச் சுமார் 18 கிலோ வரவேண்டும். வந்தது 11. அதாவது 1.2 மி.மீ. பைப்பு. இறக்கும்போதே ஒரு பைப்பைத் தராசில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், அதன்மேல் ஜிங்க் பிரைமர் அடிக்க வேண்டும். வெல்டிங்காரர் வெள்ளிப் பெயின்டை மட்டும் தடவியிருந்தார். நாலே மாத உப்புக் காற்றில் பட்டையாகத் துரு உரிந்தது.

இப்போது போனை எடுப்பதில்லை. பில் தரவில்லை. ஆனால் கூகுள் பே ரசீதும், 2 மி.மீ. என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

பிளந்த கைமரத்தை நான் எறியவில்லை, வாசலில்தான் கிடக்கிறது. ஷெட் போடப்போகிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.