ஸ்க்ராட்ச்சில் விக்ரம் லேண்டர்: வகுப்பில் பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது

சந்திரயான் 3ன் விக்ரம் லேண்டர், அதாவது தரையிறங்கும் கலம், நிலவில் இறங்கியதற்கு அப்புறம், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் பாடத்தை ஒரே ப்ராஜெக்ட்டை வைத்துத்தான் நடத்தி வருகிறேன்: பிளாக் என்கிற கட்டளைத் துண்டுகளை அடுக்கி ப்ரோகிராம் செய்கிற ஸ்க்ராட்ச்சில் ஒரு லேண்டரை உடையாமல் நிலவில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். கணக்குக்கு எக்செல் மாதிரியான லிப்ரே ஆபீஸ் கால்க். இரண்டுமே இலவசம், இன்டர்நெட் இல்லாமலும் ஓடும்.

எல்லோரும் முதலில் கொடுப்பது சூரியக் குடும்பம் வரைகிற வேலை. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்க்ராட்ச்சில் படம் வரைகிற காஸ்ட்யூம் எடிட்டரைத் திறந்து சனிக்கு வளையம் போட்டு, கலர் மாற்றி, மறுபடி கலர் மாற்றி, அதிலேயே பீரியட் முடிந்துவிடும், ஒரு பிளாக்கூட நகர்ந்திருக்காது. ஆனால் அதே கோள்களைக் கால்க்கில் கொடுத்தால் கதை வேறு. சூரியனிலிருந்து பூமிக்கு 14.96 கோடி கி.மீ., நெப்டியூனுக்கு ஏறத்தாழ 450 கோடி கி.மீ. என்று தூரங்களை டைப் செய்துவிட்டு, ஸ்க்ராட்ச் திரையின் நடுவிலிருந்து ஓரம் வரை இருக்கிற 240 புள்ளிக்குள் எல்லாவற்றையும் அடக்கச் சொல்வேன். ஒரு செல்லில் ஃபார்முலா போட்டுக் கீழே இழுத்தால், பூமி எட்டாவது புள்ளியில் வருகிறது, புதன் மூன்றில்! புத்தகப் படத்தில் எல்லாம் பக்கத்து வீடு மாதிரி இருக்கிறதே என்று அவர்களே கேட்கிறார்கள். கீழே இழுக்கும்போது ஒரு செல்லை மட்டும் மாறாமல் நிறுத்துகிற டாலர் குறி ஃபார்முலாவில் எதற்கு என்பதையும் அந்த இடத்தில் சொன்னால்தான் ஏறுகிறது.

லேண்டரில் முதல் பாடம் வேரியபிள், அதாவது மாறுகிற எண்ணுக்கு ஒரு பெயர் வைப்பது. வேகம் ஒன்று, ஈர்ப்பு ஒன்று. உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற ஃபாரெவர் பிளாக்குக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ஈர்ப்பின் அளவுக்கு வேகம் கீழ்நோக்கிக் கூடும், அம்புக்குறியை அமுக்கினால் இன்ஜின் அதைக் குறைக்கும். நிலவின் ஈர்ப்பு 1.62, பூமியுடையது 9.8, இரண்டையும் நூறால் வகுத்துப் போட்டால் திரைக்குச் சரியாக இருக்கிறது. பூமியின் எண்ணைப் போட்டதும் லேண்டர் கல்லாக விழும், அதைப் பார்க்கவே நாலு தடவை ஓட்டுவார்கள். தரையைத் தொடும்போது வேகம் 3க்கு மேல் இருந்தால் வெடிக்க வேண்டும் என்பது விதி. சந்திரயான் 3ன் கால்களை நொடிக்கு 3 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி வடிவமைத்தார்கள், சந்திரயான் 2ல் அது 2 மீட்டர்தான், அந்த 3ஐத்தான் எடுத்துக்கொண்டேன். இதெல்லாம் ஓடின பிறகு 2023 ஆகஸ்ட் 23 மாலை இஸ்ரோ காட்டிய நேரலைப் பதிவைப் போட்டுக் காட்டுவேன். உயரம், கிடைவேகம், செங்குத்து வேகம் என்று எண்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து ஒரு பையன், "சார், அங்கயும் வேரியபிள்தான் ஓடுது" என்றான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் பகுதி. பூமியிலிருந்து சிக்னல் நிலவுக்குப் போக 1.3 நொடி ஆகும், அதனால் அம்புக்குறியை அமுக்கி அவ்வளவு நேரம் கழித்து இன்ஜின் எரிய வேண்டும் என்பேன். பாதிப் பேர் காத்திருக்கச் சொல்கிற வெயிட் பிளாக்கை ஃபாரெவருக்குள்ளேயே வைப்பார்கள், லேண்டர் விட்டு விட்டு நொண்டும். தனி ஸ்கிரிப்ட்டுக்கு மாற்றினால் சரியாகும், ஆனால் இறக்க முடியாது, மோதிவிடும். விக்ரம் ஏன் தானே முடிவெடுத்து இறங்கியது என்று அதற்கப்புறம் நான் விளக்க வேண்டியதில்லை. கை நன்றாக வந்த பிள்ளைகள், உயரத்தைப் பார்த்து இன்ஜினைத் தானே போடுகிற மாதிரி 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்கிற இஃப் பிளாக்குகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்கிற ஸ்க்ராட்ச் தானாக சேவ் செய்யாது, கரண்ட் போனால் போனதுதான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேவ் பண்ணுங்க என்று கத்தியே தொண்டை போகிறது. பழைய சிஸ்டத்தில் ஸ்ப்ரைட், அதாவது திரையில் தனித்தனியாக இயங்குகிற உருவங்கள், கூடினால் திணறும், நட்சத்திரங்களைத் தனி ஸ்ப்ரைட்டாக விடாமல் பின்னணியில் வரைந்துவிடச் சொல்லுங்கள். மைனஸ் எண்கள் கணக்கில் இன்னும் வராத வகுப்புக்கு லேண்டர் வேண்டாம், கீழே போனால் எண் ஏன் குறைகிறது என்பதிலேயே குழம்புவார்கள். அவர்களுக்குக் கோள் தூர அட்டவணை போதும்.