ஒரு லிட்டர் ரைஸ் குக்கர்: பத்து மாதம் பொங்கிப் பார்த்த பிறகு

ராமநாதபுரத்தில் 1,650 ரூபாய்க்கு வாங்கியது. ஒரு லிட்டர், 400 வாட். 2024 அக்டோபரில் என்னோடு ஜெர்மனிக்கு, பிரேமன் நகருக்கு வந்தது. இப்போது செமஸ்டர் விடுமுறை. நான் கீழக்கரையில், குக்கர் அங்கே விடுதிச் சமையலறையில். எதிர்வீட்டுத் தங்கச்சி அடுத்த மாதம் அங்கே படிக்கப் போகிறாள். "லாத்தா, குக்கர் எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டாள். (லாத்தா என்றால் அக்கா.) அவளுக்குச் சொன்னதுதான் இது.

முதலில் கரண்ட். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் நம் மூன்று பின் பிளக் அந்த சாக்கெட்டில் நுழையாது. எர்த் உள்ள அடாப்டரை இங்கேயே வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் போய், முதல் இரண்டு நாள் ரொட்டியும் உம்மா கட்டிக்கொடுத்த தொதல் இனிப்பும்தான். (தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் என்பதால் தொதல் தப்பித்தது. பால், இறைச்சிப் பொருள்களை நாம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. நெய்யை வீட்டிலேயே விட்டுப் போனேன். கருவாடு, மாசி மீன் 20 கிலோ வரைக்கும் போகலாம்.)

சோறு சுமார் ரகம். "வடிக்காத சோறு என்ன சோறு" என்றார் உம்மா, சரிதான். பாஸ்மதி உதிரியாக வரும். அளவு கொஞ்சம் கூடினால் கஞ்சி பொங்கி மூடி ஓட்டை வழியே சுவரெல்லாம் தெறிக்கும். 'வார்ம்'-இல் விட்டு மறந்தால் அடிச்சோறு அப்பளம். உள்பாத்திரக் கோட்டிங் ஆறாம் மாதமே உரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு ஸ்டார் இதிலேயே போனது.

இன்னொரு குறையும் உண்டு. அதில் பாதிப் பழி என் மேல்.

அங்கே செமஸ்டருக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பெருக்கிப் பார்த்துப் பயந்துபோனேன். காலையில் குக்கரைத் தட்டிவிட்டு, டப்பாவில் எலுமிச்சைச் சோறு அடைத்துக்கொண்டு, மத்தியானம் நூலகத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் தனியாகச் சாப்பிடுவேன். மற்றவர்கள் மென்சாவுக்கு, அதாவது பல்கலைக்கழக கேன்டீனுக்குப் போவார்கள். ஹலால் இருக்காது என்று நழுவுவேன். சும்மா சாக்கு, சைவச் சாப்பாடு அங்கே இருந்தது. பிராக்டிகலுக்கு யார் யாரோடு சேர்வது, போன வருடம் என்ன கேட்டார்கள், எல்லாம் அந்த மேசையில்தான் பேசியிருக்கிறார்கள். பிப்ரவரியில் ஒரு பாடத்தில் கோட்டைவிட்டேன். ராத்திரி பகலாகப் படித்த பாடம் அது.

மார்ச் 1-இல் நோன்பு பிடித்தது. அங்கே 'மில்ஷ்ரைஸ்' என்று உருண்டை அரிசி ஒன்று விற்கும், பாலில் வேகவைத்து இனிப்பாகச் சாப்பிட. சோறாக்கினால் குழைந்துவிடும். நோன்புக் கஞ்சிக்கு அதைப்போல் அரிசி கிடையாது! பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, டின் தேங்காய்ப்பால். மூடி துள்ள ஆரம்பித்ததும் சமையலறை ஜன்னலெல்லாம் ஆவி படியும். வாசனைக்கு எட்டிப் பார்த்த கொலம்பியாக்காரிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் அவள் இரண்டு பேரைக் கூட்டிவந்தாள். என் போனில் பாங்கு சொல்லும்வரை மூவரும் கரண்டியைத் தொடாமல் ஆவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஏப்ரலிலிருந்து மத்தியானம் அவர்களோடு மென்சா. குக்கர் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். ஜூனில் ஒரு சனிக்கிழமை, திங்கட்கிழமை கொடுக்கவேண்டிய ரிப்போர்ட் பாதியில் கிடக்க, குக்ஸ்ஹாஃபன் என்ற கடற்கரை ஊருக்கு இழுத்துப்போனார்கள். மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட்டிலேயே ரயிலில் போய்விடலாம். அங்கே கடல் வற்றும்போது வழிகாட்டியோடு சேற்றுத் தரையில் பத்து கிலோமீட்டர் நடந்து நாய்வெர்க் தீவுக்குப் போகிறார்கள். நம் கரையில் கடல் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. அங்கே கடலே காணாமல் போயிருந்தது. முழங்கால்வரை சேறோடு தீவில் உட்கார்ந்து, குக்கரில் பொங்கிய புளிச்சோற்றை நான்கு பேரும் தின்றோம். ரிப்போர்ட்டை ஞாயிறு ராத்திரி முடித்தேன், கொஞ்சம் மோசமாகத்தான். விட்ட பாடத்தை ஜூலையில் எழுதித் தேறிவிட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை ஸ்டார். தங்கச்சியை ஒன்றரை லிட்டராகப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

"ஒருத்திக்கு எதுக்கு லாத்தா அவ்வளவு பெருசு?" என்கிறாள்.