பதினோரு மாத நகைச் சேமிப்புத் திட்டம்: லாபம் போனஸில் இல்லை, சேதாரத்தில் இருக்கிறது

தி.நகர் உஸ்மான் சாலையோ மதுரை தெற்கு ஆவணி மூல வீதியோ, பெரிய நகைக்கடை எதற்குள் போனாலும் சேமிப்புத் திட்டத்துக்கென்று தனியாக ஒரு கவுண்டர் இருக்கும். மாதம் 500 ரூபாயில் தொடங்கி லட்சம் வரை கட்டுகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். பேச்சில் இதை நகைச் சீட்டு என்கிறோம். ஆனால் 1982-ம் ஆண்டு சிட் ஃபண்ட் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடை விற்கப்போகும் நகைக்கு நாம் தவணை தவணையாகக் கொடுத்து வைக்கும் முன்பணம் இது. இதன் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்தே வருகிறது.

எல்லாக் கடையும் 11 மாதத்தில் முடிப்பதற்கும் இதுவே காரணம். 2014-ம் ஆண்டு கம்பெனிகள் டெபாசிட் விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்து நேர் செய்யவில்லை என்றால் அது டெபாசிட் ஆகிவிடும். டெபாசிட் வாங்குவதற்கான கட்டுப்பாடுகள் வேறு, கடுமையானவை. முன்பு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று ஓடிய திட்டங்களும் உண்டு, அவை இப்போது சுருங்கிவிட்டன. முதிர்வு முடிந்து சில வாரங்களுக்குள் வந்து நகை எடுத்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர்கள் போன் மேல் போன் போடுவதும் இந்த 365 நாள் கணக்கால்தான். அந்த அவசரத்தில் பிடிக்காத டிசைனை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து வருந்துகிறவர்கள் நிறையப் பேர். முதிர்வு எந்த வாரத்தில் வருகிறது என்று சேரும் நாளிலேயே காலண்டரில் குறித்து, டிசைன் பார்க்க ஒரு மாதம் முன்பே கடைக்குப் போவது நல்லது.

திட்டம் இரண்டு வகை. முதல் வகையில் கட்டிய பணம் பணமாகவே நிற்கும். 10 தவணை நாம் கட்டினால் 11-வது தவணையைக் கடை போட்டுக்கொள்ளும். இரண்டாம் வகையில் ஒவ்வொரு தவணையும் அன்றைய 22 காரட் விலைக்குக் கிராமாக வரவு வைக்கப்படும். கடைசியில் அத்தனை கிராமுக்கு நகை எடுத்தால் ஒரு வரம்பு வரை, பல கடைகளில் 18% வரை, சேதாரம் கிடையாது.

எது நல்லது என்பதற்கு விளம்பரத் தாளில் பதில் இருக்காது, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எளிமைக்காக ஒரு கிராம் 10,000 ரூபாயில் தொடங்கி மாதம் 200 ரூபாய் ஏறி 11-வது தவணையில் 12,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 வீதம் கிராம் திட்டத்தில் 1,10,000 கட்டியவருக்கு 10.033 கிராம் சேரும். பணத் திட்டத்தில் 1,00,000 கட்டியவருக்குக் கடையின் 10,000 சேர்த்து 1,10,000 கிடைக்கும், அதற்கு 9.167 கிராம் வரும். கட்டிய ஒவ்வொரு லட்சத்துக்கும் இரண்டிலும் ஏறக்குறைய அதே தங்கம்தான். வித்தியாசம் சேதாரத்தில் இருக்கிறது: கிராம்காரருக்குத் தள்ளுபடி, பணத் திட்டத்துக்காரர் முழுச் சேதாரமும் கட்ட வேண்டும்.

விலை இதே அளவு இறங்கினால் கதை மாறும். 12,000-ல் தொடங்கி 10,000-ல் முடிந்தால் கிராம் திட்டத்தில் அப்போதும் 10.033 கிராம்தான். பணத் திட்டத்திலோ 1,00,000 கட்டியவருக்கு 11 கிராம். தங்கம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் கிராம் திட்டத்தையே எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். அடுத்த 11 மாதம் விலை எந்தப் பக்கம் போகும் என்பது விற்பவருக்கும் தெரியாது. வீட்டில் கல்யாணத்துக்கு இத்தனை பவுன் என்று தேவை நிச்சயமாக இருந்தால் கிராம் திட்டம் சரி, ஏனென்றால் அங்கே தேவையே கிராமில் இருக்கிறது. இத்தனை ரூபாய்க்குள் ஏதாவது ஒரு நகை போதும் என்பவருக்குப் பணத் திட்டமே போதும்.

இப்போது பில். 10 கிராம் செயின், கிராம் 12,000, சேதாரம் 12% என்று எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தில் சேராதவருக்குத் தங்கம் 1,20,000, சேதாரம் 14,400, இரண்டும் சேர்ந்த தொகையில் 3% ஜிஎஸ்டி 4,032, ஆக மொத்தம் 1,38,432 ரூபாய். கிராம் திட்டத்துக்காரர் 10 கிராமையும் கழித்துக்கொண்டு, கவுண்டரில் ஜிஎஸ்டி 3,600-ம் ஹால்மார்க் கட்டணமும் மட்டும் தந்தால் போதும். முதிர்வு நாளில் கையில் பணமே வேண்டாம் என்று நினைத்து வருகிறவர்கள் தடுமாறுவது இந்த 3,600-ல்தான். ஜிஎஸ்டியைத் திட்டங்கள் பொதுவாகத் தள்ளுபடி செய்வதில்லை. ஹால்மார்க் கட்டணம் ஒரு உருப்படிக்கு 45 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 53 ரூபாய் 10 காசு. அதைவிட அதிகம் போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

கடை சொல்லும் லாபம் 14,400. அதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. திட்டத்தில் இல்லாதவர் பேரம் பேசினால் பல கடைகளில் 12% சேதாரம் 8% ஆகிவிடும். அப்படிப் பார்த்தால் உண்மையில் மிச்சமாவது 9,600-ம் அதன் ஜிஎஸ்டி 288-ம். அதே 10,000 ரூபாயை 11 மாதம் வங்கியின் தொடர் வைப்பில் 6.5% வட்டிக்குப் போட்டிருந்தால் சுமார் 3,600 ரூபாய் வட்டி வந்திருக்கும், அதையும் கழியுங்கள். மிஞ்சுவது 6,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். குறைவான தொகை இல்லை, நகை எப்படியும் வாங்கப் போகிறவருக்கு நல்ல தள்ளுபடிதான். ஆனால் விலை ஏறியதால் கிடைத்த 10,000-ஐயும் சேர்த்து, "திட்டத்தால் 25,000 லாபம்" என்று கவுண்டரில் சொன்னால் அது சரியான கணக்கு அல்ல. அந்த ஏற்றம் தங்கத்தால் வந்தது, பங்குச் சந்தையில் வாங்கும் தங்க ஃபண்டான கோல்டு இடிஎஃப் வைத்திருந்தாலும் வந்திருக்கும்.

பணத் திட்டத்தின் போனஸையும் இப்படியே பாருங்கள். 1,00,000-க்கு 10,000 என்பது ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 18% வரும், பிரமாதமாகத் தெரியும். பக்கத்துக் கடையைவிட இந்தக் கடை சேதாரம் 8% கூடுதலாகப் போட்டால் அந்தப் போனஸில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். அதனால் சேருவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: திட்டம் பற்றிப் பேச்செடுக்காமல், சாதாரண வாடிக்கையாளராகப் போய் உங்களுக்கு வேண்டிய மாதிரி செயினுக்கும் வளையலுக்கும் இரண்டு மூன்று கடையில் எஸ்டிமேட் வாங்குங்கள். மொத்த எடை, கல் எடை, நிகர எடை, சேதாரச் சதவீதம், செய்கூலி எல்லாம் தாளில் இருக்க வேண்டும். சேதாரம் குறைவாக இருக்கும் கடையில்தான் திட்டத்துக்கு அர்த்தம்.

ஏமாற்றம் அதிகம் வருவது எடுக்கும் நாளில். 10 கிராம் சேர்த்தவருக்கு 14 கிராம் நெக்லஸைக் காட்டுவார்கள். சேதாரத் தள்ளுபடி 10 கிராமுக்கு மட்டும், மீதி 4 கிராமுக்கு முழுச் சேதாரம் உண்டு. 22% சேதாரம் உள்ள ஆன்டிக் வேலைப்பாடு என்றால் 18% போக 4% நம் தலையில்: 10 கிராமுக்கு 4,800 ரூபாய், ஜிஎஸ்டி தனி. கல் வைத்த நகையில் கல்லின் விலை திட்டத்தில் அடங்காது. கல் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போடுகிறார்களா என்று தராசுக்கு முன்னால் நின்றே பார்க்க வேண்டும். தங்க நாணயம் எடுத்தால் சலுகை கிடையாது என்பது பெரும்பாலான கடைகளின் நிபந்தனை. 18 காரட் வைர நகைக்கு 22 காரட் கிராம் வரவை எப்படி மாற்றுவார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். சலுகை பொருந்தும் டிசைன்கள் ஒரு மூலையில் நாலு தட்டு மட்டும்தானா என்பதையும் சேரும் முன்பே பார்த்துவிடலாம்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பது கடைக்குக் கடை மாறும். சில இடத்தில் முதிர்வு தள்ளிப்போகும், சில இடத்தில் போனஸே போய்விடும். பாதியில் நிறுத்தினால் கட்டிய பணத்துக்கு நகை தருவார்கள், சலுகை இருக்காது, ரொக்கமாகத் திரும்பத் தர மாட்டார்கள். கிராம் திட்டத்தில் எந்த நாள் விலைக்கு வரவு என்பதும் முக்கியம்: நீங்கள் யுபிஐயில் அனுப்பிய நாளா, கடைக் கணக்கில் ஏறிய நாளா? விலை தாவும் வாரத்தில் இரண்டு நாள் தாமதம் கூடக் கிராமைக் குறைக்கும். ரொக்கமாகக் கட்டாமல் வங்கி வழியாகவே கட்டுங்கள், பிறகு தகராறு என்றால் வங்கி அறிக்கை கையில் இருக்கும்.

நகையைக் கையில் வாங்கியதும் பில்லை வாங்கும் முன் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் ஆப்பில், நகையில் பொறித்திருக்கும் எச்யுஐடி என்ற ஆறு இலக்க (எழுத்தும் எண்ணும் கலந்த) அடையாள எண்ணைப் போட்டுப் பாருங்கள். நகையின் வகை, தூய்மை, ஹால்மார்க் செய்த மையம் எல்லாம் காட்ட வேண்டும். 2023 ஏப்ரல் முதல் இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிக்கு விலக்கு உண்டு.

நீண்ட கால முதலீடாக இந்தத் திட்டத்தைப் பரிந்துரைக்க முடியாது. பத்து வயதுக்குள் இருக்கும் மகளின் கல்யாணத்துக்காக வருடா வருடம் திட்டத்தில் புதுக் கார்டு (தவணைகளைப் பதியும் கணக்கு அட்டை) போட்டு நகையாகச் சேர்ப்பதை நிறைய வீடுகளில் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் 3% ஜிஎஸ்டி போகிறது, டிசைன் பழசாகி மாற்றும்போது மறுபடியும் சேதாரம் போகிறது. அந்தக் குடும்பத்துக்கு தபால் நிலையத்தின் செல்வமகள் சேமிப்புத் திட்டம் முதலில் இருக்கட்டும். வருடம் 250 ரூபாய் முதல் 1.5 லட்சம் வரை போடலாம், 2024 ஜனவரியில் வட்டி 8.2% ஆனது. 18 வயதுக்கு மேல் கல்யாணத்துக்காகக் கணக்கை முடித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு வருடம் இருக்கும்போது நகைத் திட்டத்துக்கு வந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு இந்தப் பணத்துக்குக் கிடையாது. கடை மூடினால் எந்த அடமானமும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டில் பெயர் பெற்ற கடைகளே திடீரென்று ஷட்டரை இறக்கி, சந்தாதாரர்கள் வாசலில் கூடிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 11 மாதத்துக்கு மேல் இழுக்கும் திட்டம், மாத வட்டி தருகிறோம், பழைய நகையைக் கொடுத்து வைத்தால் வருடம் கழித்துக் கூடுதல் கிராம் தருகிறோம் என்ற பேச்சு எதுவாக இருந்தாலும் அங்கே சேராதீர்கள். நல்ல கடையிலும் ஒரே பெயரில் பெரிய கார்டாகப் போடாமல் இரண்டு கடையில் பிரித்துப் போடுவது மேல்.

முதிர்வுக்குப் பிறகு நகை தராமல் நாள் கடத்தினால் காத்திருக்க வேண்டாம். கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம், கையோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான தொகைக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பலர் பணம் ஒன்றாகச் சிக்கியிருந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸுக்குப் போகலாம். 1997-ம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் சொத்தை முடக்கிப் பணத்தைப் பிரித்துத் தரும் வழி இருக்கிறது. அதற்குக் கார்டு, ஒவ்வொரு தவணையின் ரசீது, சேர்ந்தபோது கொடுத்த நிபந்தனைத் தாள் மூன்றும் வேண்டும். முதிர்வு நாளில் கடை கார்டை வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் எல்லாப் பக்கத்தையும் முன்பே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.