ஆச்சி ஊர் கோயில்ல 10 நாள் விபிஎஸ் - எங்க பிள்ளைகளுக்கு எப்படி இருந்துச்சு

மே லீவுக்கு எந்த விபிஎஸ்ல (பிள்ளைகளுக்கு சர்ச்ல நடத்துற விடுமுறை வேதாகமப் பள்ளி) சேக்கலாம்னு நெறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எழுதுறேன். நாங்க இருக்கிறது சென்னை. இந்த வருஷம் பையனையும் (9 வயசு) பாப்பாவையும் (5 வயசு) பாளையங்கோட்டை பக்கம் எங்க அம்மா ஊருக்கு கூட்டிட்டுப் போயி அங்க சிஎஸ்ஐ கோயில்ல (சர்ச்சத்தான் எங்க பக்கம் கோயில்னு சொல்வோம்) சேத்தேன், 10 நாளும் நானும் கூடவே போயி பின்னால பாய்ல உக்காந்திருந்தேன், அதனால பாத்ததத்தான் சொல்றேன்.

காலையில 9 மணிக்கு ஆரம்பிச்சு 12.30க்கு விட்டுருவாங்க. பீஸ் 50 ரூபா, அதுல புக், பேட்ஜ், தினமும் சுண்டலோ பன்னோ எல்லாம் அடக்கம். கிராப்ட், பப்பட் ஷோ, ஆக்ஷன் சாங் எல்லாம் மத்த இடம் மாதிரிதான்.

ஆனா பாடம் எடுத்த விதம் இருக்கே, அத சொல்லியே ஆகணும். பைபிள்ல சங்கீதம் 23ல 'தாழ்ச்சியடையேன்'னு வருதுல்ல, என் பையன் ரெண்டு வருஷமா அத ஒப்பிக்கிறான், அர்த்தம் கேட்டா முழிப்பான். இங்க ஜூனியர் கிளாஸ் எடுத்த அண்ணன் வீட்டுலயே ஆடு வளக்குறவரு, மூணாம் நாள் பிள்ளைகள குளத்தங்கரைக்கு கூட்டிட்டுப் போயிட்டாரு. ஆடு சலசலன்னு ஓடுற தண்ணியில வாய் வைக்க பயப்படும்லே, அசையாம கெடக்குற தண்ணியத்தான் தேடும், அதான் அந்த சங்கீதத்துல 'அமர்ந்த தண்ணீர்'னு வருதுன்னு சொல்லி, மேய்க்கிறவன் கூட இருந்தா அதுக்கு ஒரு கொறையும் வராது, அதான் தாழ்ச்சியடையேன்னு முடிச்சாரு. அன்னைக்கு ராத்திரி பையன் அந்த சங்கீதத்த சொன்னப்ப வேற மாதிரி இருந்துச்சு, நிறுத்தி நிறுத்தி சொன்னான், எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

இன்னொரு நாள் அசரியா பிஷப் கதை. 1874ல வெள்ளாளன்விளையில ஒரு சபை ஐயர் (போதகர்) வீட்டுல பொறந்தவரு, 1903ல பாளையங்கோட்டையில இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிச்சப்ப முன்ன நின்னவரு, அங்க இருந்துதான் தெலுங்கு பேசுற தோர்ணக்கல் பக்கம் ஊழியர்கள அனுப்பினாங்க, 1912ல ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்திய பிஷப் ஆனாரு. நம்ம பக்கத்து ஊர்க்காரரான்னு பையன் மூணு தடவ கேட்டான். மிஷனரின்னா வெள்ளக்காரங்கதான்னு நெனச்சிட்டு இருந்திருக்கான் பிள்ள.

எனக்கு ரொம்ப புடிச்சது ஒரு சின்ன கார்டு. அன்னைக்கு கேட்ட கதைய ராத்திரி குடும்ப ஜெபத்துல பிள்ளையே சொல்லணும், கேட்டுட்டு வீட்டுப் பெரியவங்க கையெழுத்துப் போடணும். எங்க அம்மா வீட்டுல 7.30க்கு ஜெபம் எப்பவும் உண்டு, பாய விரிச்சு கீர்த்தனை ஒண்ணு பாடி அதிகாரம் வாசிச்சுட்டுத்தான் சாப்பாடு. சென்னையில நாங்க அத விட்டு மாசக்கணக்கா ஆச்சு. இந்த கார்டுக்காக என் வீட்டுக்காரரும் தினமும் அந்த நேரத்துக்கு போன்ல வந்து உக்காந்தாரு, பாப்பா யோனா கதைய அவளுக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்ல சொல்ல அவரு அந்தப் பக்கம் அமைதியா கேட்டுட்டு இருந்தாரு.

கொறையும் இருக்கு. பிகினர் கிளாஸ்ல 4 வயசுப் பிள்ளையும் 7 வயசுப் பிள்ளையும் ஒண்ணா இருந்தாங்க, பெருசுங்க டக்கு டக்குன்னு பதில் சொல்லிடுறாங்க, சின்னதுங்க வாயே தொறக்கல. ஒரு நாள் பொய் சொன்னா நரகம்னு படம் காட்டிட்டாங்க, பாப்பா அன்னைக்கு தூங்கவே இல்ல, நான் ஒரு தடவ பொய் சொல்லிட்டேன் ஆச்சின்னு ஒரே அழுக. அம்மா மடியில போட்டு, இயேசப்பா உன்ன விரட்டமாட்டாருட்டி, சொல்லிட்டேல்ல, மன்னிச்சிட்டாருன்னு தட்டிக் குடுத்த பிறகுதான் கண்ண மூடினா. மறுநாள் டைரக்டர்கிட்ட சொன்னேன், தட்டாம கேட்டுக்கிட்டாரு, அன்னைக்கே காணாமப்போன ஆட்டுக்குட்டி கதைய மாத்தி வச்சாங்க. சின்னதுங்கள அனுப்புறவங்க முதல் ரெண்டு நாளாவது கூட இருங்க. அப்புறம் கடைசி நாள் பிரைஸ், எல்லா வசனமும் சொன்னவங்களுக்கு மட்டும்தான்னு ஆக்கிட்டாங்க, 5 வயசுக்கெல்லாம் அது வேண்டாம்னு எனக்கு தோணுது.

10ம் நாள் சாயங்காலம் கொடி புடிச்சு தெரு சுத்தி பவனி வந்து, நிகழ்ச்சி முடிஞ்சு பிள்ளைகளோட காணிக்கைய மிஷனரி ஊழியத்துக்குன்னு ஐயர் கையில குடுத்தாங்க.

இவ்வளவும் சேத்து 5க்கு 4 குடுப்பேன், அடுத்த வருஷமும் அங்கதான்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். எங்க அம்மா ஒல வைக்கிறதுக்கு முன்னால ஒரு பிடி அரிசி எடுத்து தனி டப்பாவுல போடுவாங்க, கோயிலுக்குன்னு. பாப்பா அங்க இருந்த வரைக்கும் அந்த வேல அவளோடது. சென்னைக்கு வந்த மறுநாள் காலையில அடுப்படிக்கு வந்து நம்ம டப்பா எங்கம்மான்னு கேட்டா. பழைய ஹார்லிக்ஸ் டப்பா ஒண்ண கழுவிக் குடுத்தேன். இங்க எங்க சபையில பிடி அரிசி வாங்குற வழக்கம் இல்ல, அதனால டப்பா ரொம்பினதும் எடை போட்டு அந்த அரிசிக்கான காச ஞாயித்துக்கெழம காணிக்கைப் பையில அவ கையாலயே போட வைக்கிறோம். இதுவரைக்கும் ரெண்டு தடவ ரொம்பிருச்சு.