குழந்தையின் மல நிறம்: அச்சிட்ட அட்டையா, கைப்பேசிப் படமா?

பச்சிளங்குழந்தையின் மல நிறத்தைக் கவனிக்க விரும்பும் பெற்றோருக்கு இன்று இரண்டு துணைகள் உண்டு. ஒன்று, அச்சிட்ட நிற அட்டை. மற்றொன்று, டயப்பரைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, அல்லது அதற்கென உள்ள செயலியிடம் காட்டுவது. எங்கள் மகள் ஜப்பானில் பிறந்தாள். அங்கே கருவுற்றதைப் பதிவு செய்யும்போதே நகராட்சி தரும் தாய்சேய் நலக் கையேட்டில், 2012 முதல் ஏழு நிறங்கள் கொண்ட அட்டையும் சேர்ந்திருக்கிறது. இரண்டு வழிகளையும் கையாண்டு பார்த்தபின் நான் அட்டையின் பக்கமே நின்றேன்.

பெரும்பாலான நிறங்களுக்கு இரண்டுமே தேவையில்லை. முதல் இரண்டு மூன்று நாட்களில் தார் போன்ற கரும்பச்சையும், பிறகு தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கடுகு மஞ்சளும், இடையிடையே வரும் பச்சையும் இயல்பானவை. சிவப்பு தெரிந்தாலோ, இரும்புச் சத்துச் சொட்டுமருந்து கொடுக்காதபோதும் கறுப்பு திரும்பி வந்தாலோ, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையே இல்லை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அட்டை உருவாக்கப்பட்டது வெளிறிய நிறத்துக்காக. மலத்துக்கு மஞ்சளையும் பழுப்பையும் தருவது பித்தநீர். பிலியரி அட்ரீசியா என்னும் நோயில் பித்தநாளங்கள் அடைபட்டுப் பித்தநீர் குடலுக்கு வராமல் போவதால், மலம் வெளிர்மஞ்சளாகி, சாம்பல் கலந்து, இறுதியில் சுண்ணாம்பு வெள்ளைக்குப் போகும். மோரியோ கசாய் என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் 1959இல் வெளியிட்ட அறுவைச் சிகிச்சைதான் இன்றும் இதற்கு முதல் வழி. குழந்தைக்கு 60 நாள் நிறைவதற்குள் அதைச் செய்தால் பித்தநீர் மீண்டும் ஓடும் வாய்ப்பு கூடுகிறது. தைவான் 2004இல் நாடு முழுவதும் அட்டையைக் கொண்டுவந்ததும் இந்தக் கால நெருக்கடியை எண்ணித்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது வெளிச்சம். அட்டையை டயப்பருக்குப் பக்கத்தில் பிடிக்கும்போது ஒரே வெளிச்சம் இரண்டின் மீதும் விழுகிறது. விளக்கு மஞ்சளாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே மஞ்சளிக்கும் என்பதால் ஒப்பீடு அவ்வளவாகக் கெடுவதில்லை. கைப்பேசியோ விளக்கின் நிறத்தைத் தானே ஊகித்துப் படத்தைத் திருத்துகிறது. அனுப்பும்போது படம் சுருங்குகிறது. பார்ப்பவரின் திரை மீண்டும் தன் சாயலை ஏற்றுகிறது. கடுஞ்சிவப்பு இத்தனையையும் தாண்டித் தெரிந்துவிடும். ஆனால் வெளிர்மஞ்சளுக்கும் நல்ல மஞ்சளுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடு, நமக்கு வேண்டியிருக்கும் அந்த ஒன்றே, இப்படிக் கை மாறும்போது கரைந்துபோகிறது. ஒரே டயப்பரைச் சன்னலோரத்திலும் குளியலறையிலும் படமெடுத்துப் பார்த்தேன்; இரண்டு குழந்தைகளுடையவை போல் இருந்தன. இதே காரணத்தால், அட்டையின் படத்தை இணையத்திலிருந்து இறக்கி வீட்டு அச்சுப்பொறியில் எடுப்பதும் பயன் தராது. நிறம் சரிபார்த்து அச்சிட்ட மூல அட்டைதான் வேண்டும். அதையும் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும்.

எங்கள் அட்டையில் 1 முதல் 3 வரையிலான நிறங்கள் எச்சரிக்கை நிறங்கள். இரண்டாம் வாரம், முதல் மாதம், அதற்குப் பின் என்று எண்ணைக் குறித்துவைக்க இடமும் உண்டு. இதன் அருமை போகப் போகத்தான் புரிந்தது: இந்த நோயில் மலம் முதலில் இயல்பாக இருந்து படிப்படியாக வெளிறக்கூடும். தினமும் பார்க்கும் கண்ணுக்குப் புலப்படாத அந்த நகர்வை, எழுதிவைத்த எண் காட்டிவிடும்.

கைப்பேசிக்கும் இடமுண்டு. மருத்துவமனை தொலைவில் இருந்தால், அட்டையையும் டயப்பரையும் ஒரே படத்தில் சேர்த்து அனுப்புவது நல்ல வழி. நிறத்தை அளந்து சொல்லும் செயலிகளை நான் சில நாட்களே பயன்படுத்தியதால் அவற்றைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எங்கள் மகள் தாய்ப்பால் மட்டுமே குடித்தாள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் பொதுவாகச் சற்றே பழுப்பாக இருக்கும் என்பதால், அந்த வீடுகளில் ஒப்பிடும் அனுபவம் வேறாக இருக்கலாம்.

ஆனால் இரண்டு வாரம் கடந்தும் கண்ணில் மஞ்சள் நீடித்தாலோ, சிறுநீர் டயப்பரில் அடர்மஞ்சளாகக் கறை படிந்தாலோ, அட்டை எந்த எண்ணைக் காட்டினாலும் அதை வைத்து ஆறுதல் கொள்ளக் கூடாது. காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று காத்திராமல், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்னும் நிறமியின் மொத்த அளவோடு, பித்தநீர் தடைபடும்போது கூடும் நேரடி பிலிருபினையும் பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனையை அந்த வாரமே கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.