மருமகனுக்குப் பேரனைக் காட்டப் போகும் அலுவலகம்

போதைப்பொருள் பாவிக்கும் தகப்பன், உத்தியோகத்தர் ஒருவரின் முன்னால் மட்டும் பிள்ளையைப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் எங்களுக்குக் கட்டளை தந்திருக்கிறது. அந்தச் சந்திப்பு மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு அரச அலுவலகத்தில் நடக்கிறது. பேரனை நினைத்து அலுவலகத்தின் பெயரையும் எங்கள் ஊரையும் எழுதவில்லை. இப்படிக் கட்டளை கிடைத்தவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு துணிந்து போகலாம் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில் நானும் பேரனும் இருக்கிறோம். மருமகன் ஐஸ் என்ற போதைப்பொருளைப் பாவிக்கத் தொடங்கிய பிறகு இரண்டு மூன்று நாள் நித்திரை இல்லாமல் திரிவார், பிறகு எழுப்பினாலும் எழும்பாமல் கிடப்பார். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவர் இரவாகியும் வரவில்லை. அடுத்த நாளே சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போனேன். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே சட்டத்தரணி கிடைப்பார். அவர் ஒளிக்காமல் சொன்னார்: இந்த நாட்டுப் பொதுச் சட்டத்தில் பிள்ளையின் கட்டுக்காப்பில், அதாவது பிள்ளையை வைத்துப் பார்ப்பதில், தகப்பனுக்கு முன்னுரிமை உண்டு, ஆனாலும் நீதிமன்றம் பிள்ளையின் நலனைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கும். மாவட்ட நீதிமன்றம் கட்டுக்காப்பை இடைக்காலமாக என்னிடம் தந்தது. தகப்பனுக்கு மேற்பார்வையில் சந்திப்பு.

சந்திப்பில் கூட இருக்கும் அந்த அலுவலகத்து மிஸ்ஸைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். மருமகனை முதலில் வரச் சொல்வார். அவரின் கண்ணையும் பேச்சையும் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகுதான் பிள்ளையை உள்ளே எடுப்பார். ஒருமுறை மருமகன் வந்த நிலை சரியில்லை என்று, நாங்கள் பஸ் ஏறமுதல் எனக்குப் போன் எடுத்துவிட்டார். பிள்ளைக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். "பொய் சொல்ல வேணாம் அம்மா. அப்பாவுக்கு வருத்தம், இண்டைக்குச் சந்திக்க ஏலா எண்டு மட்டும் சொல்லுங்க. உன்னால இல்ல எண்டும் சொல்லுங்க." அந்தக் கடைசிச் சொல் எனக்குத் தோன்றியிராது. அதைக் கேட்ட பிறகுதான் பிள்ளை சாப்பிட்டான்.

உள்ளே குசுகுசுத்துப் பேச விடமாட்டார். "அம்மா மாசம் எவ்வளவு அனுப்புறா?" என்று தகப்பன் கேட்டதும், "தம்பி, அத பிள்ளையிட்டக் கேட்க வேணாம், பள்ளிக்கூடத்தப் பத்திக் கேளுங்க" என்று நிறுத்தினார். சத்தம் போடவில்லை, அவரை மகனுக்கு முன்னால் சிறுமைப்படுத்தவுமில்லை. மருமகன் மேசன். அங்கே கிடக்கும் பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்து, கல்லுக்கு மேல் கல்லை நேராக வைக்கக் கூடாது, பொருத்து மாறி மாறி வரவேணும் என்று சொல்லிக் கொடுத்தார். கதவோரம் இருந்த எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த நேரம் இறங்கித்தான் போனது.

நடந்ததெல்லாம் எழுத்தில் ஏறும், தவணைக்கு முன் நீதிமன்றத்துக்குப் போகும். அந்த எழுத்துக்குப் பெறுமதி உண்டு. ஐஸ் பாவித்து மூன்று நான்கு நாள் கழிந்தால் சிறுநீர்ப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரியாது. ஒருமுறை 'இல்லை' என்று வந்ததை நம்பிப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியுமா? மாதக்கணக்கில் அவர் எப்படி வந்தார், எப்படிப் பேசினார் என்ற குறிப்புத்தான் உண்மையைச் சொல்லும்.

குறைகளும் இருக்கின்றன. வேலை நாளில் மட்டும் சந்திப்பு என்பதால் பிள்ளையின் பள்ளிக்கூடம் கெடுகிறது. அறையின் பாதி கோப்புகள், மின்விசிறிக் காற்று மூலைக்கு வராது. வெளியே எல்லோருக்கும் ஒரே வாங்கு. மருமகனின் தாயும் நானும் அதில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பட்ட பாடு போதும். மிஸ் லீவு என்றால் சந்திப்பே இல்லை. ஒரு பிள்ளையின் வாரத்தை ஒரே ஆளின் தலையில் வைப்பது நியாயமில்லை, இன்னொருவரை நியமிக்க வேண்டும்.

குடிகாரனுக்கும் தூள்காரனுக்கும் ஏன் பிள்ளையைக் காட்டுகிறாய் என்று ஊரில் கேட்கிறார்கள். இலங்கை 1991 இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 9 ஆவது உறுப்புரையைச் சட்டத்தரணி எனக்கு விளங்கப்படுத்தினார். பிரிந்திருக்கும் பெற்றோரோடு தொடர்பு வைப்பது பிள்ளையின் உரிமை, அவனுக்குக் கேடு வந்தால் ஒழிய. தகப்பனுக்குக் கொடுக்கும் பரிசு இல்லை அது. பேரன் தகப்பனைக் கேட்டு அழுத இரவுகள் எனக்குத் தெரியும்.

போகிறவர்கள் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி, தண்ணீர், நிறப்பென்சில் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1929 க்கு எடுங்கள், பாவிப்பவருக்குச் சிகிச்சை கேட்க 1927. கட்டளையில் இடம், நேரம், கூட இருப்பவர் யார், சந்திப்பை எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் எழுதியிருக்கிறதா என்று வழக்கு முடியமுதல் கேளுங்கள். எங்களுடையதில் பள்ளிக்கூட நாளைப் பற்றி ஒன்றும் இல்லை. அடுத்த தவணையில் சனிக்கிழமை கேட்கப்போகிறோம்.